விளையாட்டுச் சேவையகத்தின் நிலையைப் பைத்தானில் கேட்டறிவது எப்படி?

டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்ற விளையாட்டுகளின் சேவையகம் ஒன்றில் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள், எந்த வரைபடம் ஓடுகிறது என்பதை விளையாட்டைத் திறக்காமலேயே அறியலாம். வால்வ் நிறுவனம் வகுத்த ஏ2எஸ் வினவல் நெறிமுறை இதற்கு வழிசெய்கிறது. அதைக் கையாளப் 'பைத்தான்-ஏ2எஸ்' என்னும் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது.

முதலில் முனையத்தைத் திறந்து, பிப் இன்ஸ்டால் கட்டளையால் இந்த லைப்ரரியை நிறுவுங்கள். பிறகு உங்கள் நிரலில் அதை இம்போர்ட் செய்யும்போது 'ஏ2எஸ்' என்று மட்டுமே எழுத வேண்டும்.

அடுத்தது முகவரி. ஐபி முகவரியைச் சரமாகவும் போர்ட்டை எண்ணாகவும் ஒரே டூப்பிளில், அதாவது அடைப்புக்குறிக்குள் எழுதும் மதிப்பு வரிசையில், வையுங்கள். வழக்கமான போர்ட் 27015 என்றாலும், சில விளையாட்டுகளில் ஆடுவதற்கு ஒரு போர்ட்டும் வினவலுக்கு வேறொரு போர்ட்டும் இருக்கும். பதில் வராதபோது முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

அந்த முகவரியை 'இன்ஃபோ' செயற்கூறுக்குக் கொடுத்தால், சேவையகத்தின் பெயர், வரைபடம், ஆடுவோர் எண்ணிக்கை, அதன் உச்சவரம்பு ஆகியவை ஒரே பொருளாகத் திரும்பி வரும். 'பிளேயர்ஸ்' செயற்கூறு ஒவ்வொருவரின் பெயரையும் புள்ளிகளையும் தரும்.

இனி வருவதுதான் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி. இந்த வினவல் யூடிபி என்னும் இணைய அனுப்புமுறை வழியே செல்வதால், அனுப்பிய பொதி (தரவுத் துண்டு) சென்று சேர்ந்ததா என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. குறித்த நேரத்திற்குள் பதில் வராவிட்டால் லைப்ரரி டைம்அவுட் பிழையை எழுப்பும்; ஆனால் சேவையகம் நின்றிருக்கலாம், தீச்சுவர் தடுத்திருக்கலாம், பொதி வழியிலேயே தொலைந்திருக்கலாம். ஆகவே டிரை, எக்செப்ட் அமைப்புக்குள் வினவலை வைத்து, ஓரிரு முறை மீண்டும் முயன்ற பிறகும் பதில் இல்லையென்றால், 'சேவையகம் நின்றுவிட்டது' என்று காட்டாமல் 'பதில் இல்லை' என்று மட்டும் காட்டுங்கள். நிரல் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

லைப்ரரி எதற்கு, பைத்தானின் அடிப்படை இணைப்பு வசதியான சாக்கெட்டைக் கொண்டு நாமே எழுதிவிடலாமே என்று தோன்றலாம்; அதில் ஒரு சிக்கல் உண்டு. யூடிபியில் அனுப்புநர் முகவரியைப் போலியாக இட முடியும் என்பதால், சிறிய வினவலை அனுப்பிப் பெரிய பதிலை வேறொருவர் மீது திருப்பிவிடும் தாக்குதல்கள் நடந்தன. அதைத் தடுக்க, 2020 டிசம்பர் முதல், 'இன்ஃபோ' வினவலுக்கும் சேவையகம் 4 பைட் சவால் எண்ணை முதலில் அனுப்பி, அதைச் சேர்த்து மீண்டும் கேட்கச் சொல்லக்கூடும். அப்படி லைப்ரரி இல்லாமல் எழுதிய பழைய நிரல்கள் பல இங்கேதான் தடுமாறுகின்றன. லைப்ரரியோ இந்தச் சுற்றையும், பல பொதிகளாகப் பிரிந்து வரும் நீண்ட பதில்களை இணைப்பதையும் தானே பார்த்துக்கொள்கிறது.

மைன்கிராஃப்டின் நெறிமுறை வேறு என்பதால் அதற்கு இது பயன்படாது. பல சேவையகங்களை ஒரே நேரத்தில் வினவ வேண்டுமானால், காத்திருப்பைக் குறைக்க 'ஏஇன்ஃபோ' என்னும் அசிங்க் (ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே மற்றதைக் கேட்கும்) வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.