பைத்தான் நிறுவும்போது ஒரு படி பின்னால் நில்லுங்கள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஆகப் புதிய பதிப்பை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதை நிறுவுங்கள். 2025 அக்டோபரில் 3.14 வந்தது, கொஞ்ச நாளைக்கு 3.13 போதும்.

ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப் பதிப்பு வருகிறது. ஆனால் நாம் சேர்த்துக்கொள்ளும் வெளித் தொகுப்புகள் (பிறர் எழுதித் தரும் நிரல்கள்) எல்லாம் அன்றைக்கே அதற்குத் தயாராக இருப்பதில்லை. சிலவற்றுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். உங்கள் பதிப்புக்கென முன்பே கட்டி வைத்த கோப்பு கிடைக்காவிட்டால், தொகுப்புகளை நிறுவித் தரும் பிப் (pip) என்ற கருவி மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அதற்கு வேண்டிய சி கம்பைலர் (சி மொழி நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) இல்லையென்றால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான். பாளையங்கோட்டையில் விடுதி அறையில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் படிக்கிற பிள்ளைகளுக்கு, அந்தக் கம்பைலரை ஜிபி கணக்கில் இறக்குவது கட்டுபடியாகுமா? முந்தையது என்று தயங்கவும் வேண்டாம். ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

வெளித் தொகுப்பே வேண்டாம், அடிப்படைப் பாடம் மட்டும்தான் என்றால் சரி, புதியதையே போடலாம். அப்புறம், வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் 7 கணினி என்றால் இந்தக் கணக்கு செல்லாது: அதில் 3.8-க்கு மேல் ஏறாது, அதற்கான திருத்தங்களும் 2024-இல் நின்றுவிட்டன.