மஞ்சளைப் பிடித்து வேளாண் வணிக வேலைக்குள் நுழைவது எப்படி?

வேளாண் வணிகத்தில் வேலை தேடுபவர்கள் முதலில் எந்தப் படிப்பு என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் எந்தப் பண்டம் என்று முடிவு செய்யுங்கள். ஏற்றுமதியாளரோ மசாலா கம்பெனியோ, விலை விழும்போது குடோனில் கிடக்கும் சரக்கை எப்படிக் காப்பது என்று கணக்குப் போடத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மஞ்சள். ஈரோட்டில் ஏலம் நடக்கிறது, என்சிடிஇஎக்ஸ் என்ற பண்டச் சந்தையில் ஃபியூச்சர்ஸும் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) இருக்கிறது. ஒரே பண்டத்துக்கு இரண்டு விலை கிடைப்பது கற்றுக்கொள்ள வசதி.

படி 1: தினமும் விலை எழுதுங்கள்

ஈரோடு ஏல விலையில் விரலி, கிழங்கு என்ற இரண்டு மஞ்சள் ரகங்களையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். பக்கத்திலேயே அன்றைய ஃபியூச்சர்ஸ் முடிவு விலை. எல்லாமே குவிண்டாலுக்கு. எக்செல் போதும். மெழுகுவத்தி சார்ட் காட்டும் ஆப்கள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், அவை சூதாட்ட ஆசையைத்தான் கிளப்பும்.

படி 2: பேசிஸ்

எனக்குப் புரிய நேரம் எடுத்த இடம் இதுதான். நேரடி விலையிலிருந்து (இங்கே ஈரோடு ஏல விலை) ஃபியூச்சர்ஸ் விலையைக் கழித்தால் வருவது பேசிஸ். மஞ்சள் ஒப்பந்தத்தின் அடிப்படை மையம், அதாவது ஒப்பந்த விலை எந்த ஊர்ச் சரக்குக்கோ அந்த ஊர், தெலங்கானாவின் நிசாமாபாத். உங்கள் சரக்கு ஈரோட்டில் இருக்கிறது. ஊர் வேறு, தரம் வேறு, லாரி வாடகை வேறு. அதனால் இரண்டு விலையும் ஒரே அளவில் ஏறி இறங்காது.

ஒரு கற்பனைக் கணக்கு. கையில் 10 டன், அதாவது 100 குவிண்டால். ஈரோட்டில் 13,000 ரூபாய், ஃபியூச்சர்ஸ் 13,600. பேசிஸ் மைனஸ் 600. ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 5 டன் என்பதால் ஃபியூச்சர்ஸில் 2 லாட் விற்கிறீர்கள். சரக்கைக் காக்க இப்படி எதிர்ப்பக்கம் விற்று வைப்பதுதான் ஹெட்ஜ். பிறகு ஈரோடு 12,000, ஃபியூச்சர்ஸ் 12,400. சரக்கில் குவிண்டாலுக்கு 1,000 போச்சு, ஃபியூச்சர்ஸில் 1,200 வந்தது. தரகையும் வரியையும் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் உங்களுக்குக் கிடைத்த விலை 13,200. பேசிஸ் மைனஸ் 600-லிருந்து மைனஸ் 400 ஆனதால் அந்த 200 கூடுதல். அது மைனஸ் 900 ஆகியிருந்தால் 12,700தான் கிடைத்திருக்கும். ஹெட்ஜ் செய்த பிறகு விலை அபாயம் போய்விடுவதில்லை, பேசிஸ் அபாயமாகச் சுருங்குகிறது. இதை முதலாளிக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தால் பாதி வேலை கிடைத்த மாதிரி.

படி 3: ரொக்கம்

இதே கணக்கில் ஃபியூச்சர்ஸ் 15,000-க்கு ஏறினால்? குவிண்டாலுக்கு 1,400 வீதம் 1,40,000 ரூபாய், விலை ஏற ஏற அன்றன்றே கட்ட வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே கட்டும் ஈட்டுப் பணமான ஆரம்ப மார்ஜின் தனி. குடோனில் இருக்கும் சரக்கின் மதிப்பும் ஏறியிருக்கும்தான், ஆனால் விற்காமல் அது காசாகாது. பயந்துபோய் நடுவில் ஹெட்ஜை முடிக்கச் சொல்லும் முதலாளிகள் உண்டு. அதனால் ஹெட்ஜ் போடுவதற்கு முன்பே, விலை இவ்வளவு ஏறினால் இவ்வளவு ரொக்கம் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: சான்றிதழ்

இப்போது என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் சீரிஸ் 16 என்ற பண்ட ஃபியூச்சர்ஸ் போன்ற ஒப்பந்தங்களுக்கான தேர்வை எழுதுங்கள், புரோக்கர் அலுவலகங்களில் கேட்பார்கள். மேலே படிக்க கோவை வேளாண் பல்கலையில் வேளாண் வணிக எம்பிஏ உண்டு, அதே துறையில் படிப்பு நடத்தும் ஹைதராபாத் மேனேஜ் நிறுவனமும் நல்லது. நேர்காணலுக்குப் போகும்போது அந்த எக்செல் தாளையும் எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்த கேள்விகள்)

“என்னிடம் 2 டன்தான் இருக்கிறது, ஒரு லாட் விற்கலாமா?” வேண்டாம். மிச்சம் 3 டன்னுக்கு நீங்கள் ஆடுவது சூதாட்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து சரக்கைத் திரட்டினால் லாட் அளவு வரும்.

“மஞ்சளுக்குப் பதில் கொண்டைக்கடலை எடுக்கலாமா?” 2021 டிசம்பரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நெல், கோதுமை, கொண்டைக்கடலை, சோயா, கடுகு, பாசிப்பயறு, பாமாயில் ஆகியவற்றின் ஃபியூச்சர்ஸை நிறுத்தியது. அந்தத் தடை அடுத்தடுத்து நீட்டிக்கவும் பட்டது. பண்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் வர்த்தகம் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மஞ்சள் வேண்டாமென்றால் சீரகம் பாருங்கள்.