இரைச்சலில் வேலை செய்வோரின் செவித்திறன் குறைவை ஆரம்பத்திலேயே கண்டறிவது எப்படி?

இரைச்சல் மிகுந்த இடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்பவரிடம் "காது நன்றாகக் கேட்கிறதா?" என்று கேட்டால், "நன்றாகவே கேட்கிறது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவர் மனமறிந்து எதையும் மறைக்கவில்லை. இரைச்சல் முதலில் கெடுப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சொலிகளைக் கேட்கும் திறனைத்தான். அமைதியான அறையில் எதிரே இருப்பவரின் பேச்சைப் புரிந்துகொள்ள அதற்குக் கீழுள்ள ஒலிகளே ஏறத்தாழப் போதுமானவை என்பதால், இழப்பு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகே அது அவருக்குத் தெரிய வருகிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, தொழிலாளி முறையிடும்வரை காத்திருக்காமல் நாமே தேடிக் கண்டறிய வேண்டியிருக்கிறது. பணியிட உடல்நலப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக அந்த வழிமுறையை இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

படி 1: யாரைப் பரிசோதிப்பது?

நாளொன்றுக்கு 8 மணி நேரச் சராசரியாக 85 டெசிபல் (மனிதக் காது உணரும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் ஏ அளவுகோலில்) அல்லது அதற்கு மேற்பட்ட இரைச்சலில் வேலை செய்யும் எல்லோரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் கணக்கின்படி, ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது: 88 டெசிபலில் 4 மணி நேரம், 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடங்கள். இரைச்சலை அளக்கும் கருவி கைக்கு வரும்வரை ஓர் எளிய சோதனை உதவும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடத்தை முறைப்படி அளந்தே ஆக வேண்டும். டொலுவீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களையோ ஈயத்தையோ கையாள்பவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவை காதுக்குத் தாமே தீங்கு செய்பவை, இரைச்சலோடு சேரும்போது பாதிப்பைக் கூட்டுபவை.

படி 2: அடிப்படை ஆடியோகிராம்

இந்த வேலை முழுவதும் இந்த ஒரு தாளின்மேல்தான் நிற்கிறது என்பதால் இதில் அவசரம் கூடாது. ஒருவருக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலியளவைக் கேட்பெல்லை என்கிறோம். அது உயர்ந்தால் செவித்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அந்தக் கேட்பெல்லையை அளந்து வரைந்த படமே ஆடியோகிராம். அதில் டெசிபல் அளவு கீழ்நோக்கிக் கூடும் என்பதால், குறைவு ஏற்பட்ட இடத்தில் கோடு கீழே இறங்கும். இரைச்சல் வேலையில் சேருவதற்கு முன்பே, முடியாவிட்டால் சேர்ந்த சில மாதங்களுக்குள், இதை எடுத்துவிட வேண்டும்.

இந்த அடிப்படைப் பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் காது பணியிட இரைச்சல் இன்றி ஓய்வில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதி சொல்கிறது. இரைச்சலில் இருந்து வெளியே வந்த காது களைத்திருக்கும். அப்போது கேட்பெல்லை தற்காலிகமாக உயர்ந்து, ஓய்வுக்குப் பின் இறங்கும். களைத்த காதில் அடிப்படைப் பதிவை எடுத்தால், அன்றைய தற்காலிகக் குறைவே அவருடைய இயல்பு நிலையாகத் தாளில் ஏறிவிடும்; சில ஆண்டுகளுக்குப் பின் உண்மையான இழப்பு வரும்போது, இரண்டு பதிவுகளும் ஒன்றுபோலவே தோன்றி அந்த இழப்பை மறைத்துவிடும். வார விடுமுறை முடிந்து வரும் நாளின் காலையில், ஷிப்ட் தொடங்கும் முன் எடுப்பதே நல்லது. விடுமுறையிலும் அவர் ஹெட்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்டாரா, இரைச்சலான கருவிகளோடு வேலை செய்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கேள்விகளும் காதைப் பார்ப்பதும்

"காது கேட்கிறதா?" என்ற கேள்வியால் பயனில்லை என்று பார்த்தோம். அதற்கு மாறாக, வேலை முடிந்ததும் காதில் ரீங்காரம் கேட்கிறதா, பஞ்சு அடைத்தாற்போல் இருக்கிறதா, பலர் பேசும் இடத்தில் "காசு" என்பது "காது" என்பதுபோல் குழம்புகிறதா, வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். உயிரொலிகள் உரத்தவை, சகரம் போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, கீச்சானவை. முதலில் நழுவுவது அவைதான். "சத்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை வயதின் மேல் போட்டுவிட்டு அடுத்தவரை அழைக்காதீர்கள்.

பிறகு விளக்கொளியில் காதைப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தாலோ சீழ் வடிந்தாலோ முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, சரியான பின் பரிசோதியுங்கள்.

படி 4: பரிசோதனை

சுற்றுச் சத்தம் புகாத அறை வேண்டும். மூக்குக் கண்ணாடியையும் காதணிகளையும் கழற்றச் சொல்லி, முடியை ஒதுக்கி, சிவப்பு நிறமுள்ள பக்கம் வலக் காதிலும் நீல நிறமுள்ள பக்கம் இடக் காதிலும் இருக்கும்படி ஹெட்போனை நீங்களே பொருத்துங்கள். உங்கள் கை அசைவு அவர் கண்ணில் படாதவாறு அவரை உட்கார வையுங்கள். "சத்தம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொன்னால் போதும்.

1000 ஹெர்ட்ஸில், தெளிவாகக் கேட்கும் அளவில் தொடங்குங்கள். அவர் அழுத்தினால் 10 டெசிபல் குறையுங்கள். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுங்கள். ஏறிச்செல்லும்போது மூன்று முறைக்கு இரண்டு முறை அவர் அழுத்தும் மிகக் குறைந்த அளவே கேட்பெல்லை. இதே முறையில் 2000, 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ்களை முடித்து, மீண்டும் 1000-ஐச் சரிபார்த்து, இறுதியில் 500-ஐ அளக்க வேண்டும். 1000-இன் இரு அளவுகளுக்கும் இடையே 5 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். மறுபடி விளக்கித் தொடங்குங்கள். புதியவர்கள் செய்யும் தவறு, ஒலியைத் தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் கொடுப்பது. சில நிமிடங்களில் அவர் தாளத்தைக் கணித்து அழுத்தத் தொடங்கிவிடுவார். இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

படி 5: படத்தைப் படிப்பது

இரைச்சல் பாதிப்பின் அடையாளம் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி விழும் பள்ளம். 8000-இல் கோடு மீண்டும் மேலேறும். முதுமையால் வரும் குறைவில் அந்த ஏற்றம் இராது, கோடு சரிந்துகொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் இடக் காதில் அடிப்படைப் பதிவு 2000-இல் 5, 3000-இல் 5, 4000-இல் 10 டெசிபல். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவை 10, 15, 25. பெரியவர்களுக்கு 25 வரை இயல்பு என்று கொள்ளும் வழக்கப்படி, இந்தத் தாளில் "நார்மல்" என்று முத்திரை விழும். ஆனால் மாற்றத்தைக் கணக்கிட்டால் 5, 10, 15, சராசரி 10. இந்த மூன்று அதிர்வெண்களின் சராசரி 10 டெசிபல் மாறினாலே அதைக் குறிப்பிடத்தக்க மாற்றம் என்கிறது ஓஷா. ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் 15 டெசிபல் மாறினாலே கவனிக்க வேண்டும் என்கிறது நையாஷ். இவர் இரண்டிலும் அகப்படுகிறார், முத்திரையோ அவரைத் தப்பவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் பதிவை அவருடைய சொந்த அடிப்படைப் பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவான இயல்பு எல்லையோடும் அல்ல, சென்ற ஆண்டின் தாளோடு மட்டும் என்றும் அல்ல.

படி 6: மாற்றம் தெரிந்தால்

ஆண்டுப் பரிசோதனையை ஷிப்ட் நேரத்திலோ அது முடியும்போதோ எடுக்குமாறு நையாஷ் பரிந்துரைக்கிறது, நானும் அதையே விரும்புவேன். தற்காலிகக் களைப்புகூட அப்போது படத்தில் தெரிந்துவிடும். இரைச்சலைத் தடுக்கக் காதில் செருகும் நுரைக் காதடைப்பான் உதவவில்லை என்பதை நிரந்தர இழப்புக்கு முன்பே அறிய அது வாய்ப்பளிக்கிறது. மாற்றம் தெரிந்தவரை 30 நாட்களுக்குள், காதுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி பரிசோதியுங்கள். அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும் விட்டுவிடாமல், அவர் காதடைப்பானைப் பொருத்துவதை நேரில் பாருங்கள்: உருட்டிச் சுருக்கி, காது மடலை மேலே பின்னோக்கி இழுத்து நுழைத்து, விரிந்து அடைக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி நுழைந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது ஏறத்தாழப் போடாததற்குச் சமம். இரு காதுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு, தலைசுற்றல், திடீர்க் குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் இரைச்சல் என்று முடிவுகட்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீர்க் குறைவென்றால் அன்றைக்கே.

முடிவை அவரிடம் சொல்லும்போது பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒரே தாளில் வரைந்து, இடையே விழுந்திருக்கும் பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இரண்டு பதிவுகளின் நகலையும் அவர் கையில் கொடுங்கள். நாளை வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அங்கே அவரைப் பரிசோதிப்பவருக்கு ஒப்பிட அந்த முதல் தாள் தேவைப்படும்.