படியை அளந்து காட்டுங்கள்: லயத்திலிருந்து வீடியோ எடுப்பவருக்கு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், சக்கர நாற்காலியோடு வாழும் ஒருவர் தன் வாழ்க்கையை வீடியோவாகப் போட்டால், கீழே முதலில் வந்து விழுவது "ஐயோ பாவம்". அந்தப் பாவத்தால் வாசல் படி ஓர் அங்குலம்கூடக் குறையாது. அதனால் கேமராவைக் காலை நோக்கி வைக்காதீர்கள், படியை நோக்கி வையுங்கள்.

ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு தடை போதும். இஸ்தோப்பிலிருந்து (வாசல் திண்ணை) பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடம்) போவது ஒன்று, கக்கூசுக்குப் போவது இன்னொன்று, மெயின் ரோட்டில் ஆட்டோ ஏறுவது வேறொன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எதுவும் மனதில் நிற்காது. தேவையானவை போன், காலரில் குத்தும் சின்ன மைக், இரும்பு அளவு டேப், கூட ஓர் ஆள்.

டேப்தான் இதில் முக்கியம். ஒவ்வொரு படியையும் அளந்து, டேப் படத்தில் தெரியும்போதே எண்ணை வாயாலும் சொல்லுங்கள். "இதோ, இவ்வளவு உயரம்" என்றால் பார்வையற்றவருக்கு ஒன்றும் விளங்காது. "ஏழு அங்குலம்" என்றால் விளங்கும். பிறகு கணக்கைச் சொல்லுங்கள். படிக்குப் பதிலாகப் போடும் சாய்தளத்துக்குப் பொதுவான அளவு 1:12, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலத்தில் மூன்று படி என்றால் 21 அங்குலம். சாய்தளம் 21 அடி நீளம் வேண்டும். லயத்து முற்றத்தில் அவ்வளவு நேர் இடம் கிடைப்பது அரிது, நடுவில் ஒரு தட்டுத்தளம் வைத்துத் திருப்பத்தான் வேண்டும். இடம் இல்லையென்று ஆறடிப் பலகையைச் சரித்துப் போட்டு "சாய்தளம் செய்துவிட்டோம்" என்று படம் எடுப்பவர்கள் உண்டு. அதில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், மழையில் சறுக்கும். அதை வழியென்று காட்டாதீர்கள். கதவையும் அளந்து பாருங்கள். நிலைக்கு உள்ளே 32 அங்குலம் திறப்பு இருந்தால்தான் கை உரசாமல் நாற்காலி போகும்.

போனைத் தலைக்கு மேலே பிடித்துக் கீழ்நோக்கி எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் சின்னவராகத் தெரிவார். நாலடிக்கு மேல் தூக்காமல் அவர் கண் மட்டத்தில் பிடியுங்கள். கூட இருப்பவரிடம் கேள்வி கேட்டு இவரை வெறுமனே காட்டுவது அதைவிட மோசம். சைகை மொழியில் பேசுபவரானால் இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை, இரண்டு கைகளும் வெட்டுப்படாமல் வர வேண்டும்.

அட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரில் பிடிக்கும். இடைப்பட்ட மாதங்களில் பின்னேரம் இடி. ஆகவே காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடியுங்கள். ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், லயமும் அமைதியாக இருக்கும். தகரத்தில் மழை விழத் தொடங்கினால் எந்த மைக்காலும் பேச்சைக் காப்பாற்ற முடியாது. அந்த ஓசையைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டு, பேச்சைப் பிறகு எடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், கம்பளிச் சட்டைக்குள் போனால் கரகரக்கும். குளிரிலிருந்து அடுப்படிக்குள் போனதும் லென்ஸில் ஆவி படியும். போனைப் பைக்குள் மூடியபடியே உள்ளே கொண்டுபோய்க் கால்மணி நேரம் விட்டு எடுங்கள், துடைத்துப் பயனில்லை. காம்பராவுக்குள் (லயத்து அறை) பல்ப் வெளிச்சத்தில் படம் துடித்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதே காரணம்: கேமரா அமைப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடிக்கு மாற்றுங்கள்.

பேச்சுக்கு எழுத்து வரிகளைக் கட்டாயம் போடுங்கள். தானியங்கி எழுத்தை நம்பிவிட்டால் 'காம்பரா', 'பிரட்டு', 'தொங்கல் வீடு' போன்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் வேறேதோவாகிவிடும், கையால் திருத்துங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரி, குறைந்தது இரண்டு விநாடி. செங்குத்து வீடியோவில் அடிப்பகுதியைப் பொத்தான்கள் மறைக்கும், வரிகளைச் சற்று மேலே வையுங்கள். சிங்கள வரிகளும் சேர்த்தால் நல்லது. சாய்தளத்துக்குக் கையெழுத்திட வேண்டியவர் பெரும்பாலும் தமிழ் வாசிக்காதவர்.

தபாலகம், வங்கி, ரயில் நிலையம் போன்ற இடங்களைக் காட்டும்போது, பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 அக்டோபரில் வர்த்தமானியில் வந்துவிட்டன என்பதைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்ததையும் சேர்க்கலாம். லயக் காம்பரா பொதுக் கட்டடம் அல்ல. அதற்கும் அதே விதியைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர் முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்.

பக்கத்து வீட்டார் முகம், பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதுவும் படத்தில் வரக்கூடாது. வங்கி இலக்கம் வெளியே போனால் உங்கள் வீடியோவைத் திருடி, தன் இலக்கத்தை ஒட்டிக் காசு கேட்பவன் வருவான். கழுவுதல், உடை மாற்றுதல் போன்றவற்றைப் படத்தில் இருப்பவரே சம்மதித்தாலும் எடுக்காமல் விடுவதே சரி. அது தேவையென்றால் வாயால் சொல்லட்டும். போடுமுன் முழு வீடியோவையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்ற இடத்தை வெட்டுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

1080பியில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி பிடிக்கும். 720பியில் ஏற்றுமதி செய்தால் நாலு நிமிடம் சுமார் 150 எம்பிக்குள் அடங்கும். பள்ளத்தில் சிக்னல் அறுந்து பாதியில் நிற்பதுதான் டேட்டாவைத் தின்னும்; ரோட்டு மேட்டுக்கோ டவுனுக்கோ போகும் ஆளிடம் போனைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.

முதல் கருத்தை நீங்களே எழுதி மேலே பொருத்திவிடுங்கள்: எந்த இடம், எத்தனை அங்குலம், யாரிடம் எந்தத் திகதியில் கடிதம் கொடுத்தாயிற்று. சாய்தளம் வந்தால் அதே இடத்தில், அதே உயரத்தில் போனை வைத்து மறுபடி எடுங்கள், டேப்போடு.