குப்பையைக் குறைக்கிறேன் என்று நாம் செய்யும் தவறுகள்

குப்பையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கடைக்குப் போவது. சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ், புதுத் துணிப்பை என்று வாங்கி அடுக்குகிறோம். மூடி இறுக்கமாகப் பொருந்துகிற, இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய டப்பா அன்றைக்கே குப்பையாகிவிடுகிறது. சூடான சாப்பாடு வைக்க மனசில்லையா, சரி, பட்டனும் ஆணியும் போட்டு வைக்கலாமே.

துணிப்பை விஷயமும் இப்படித்தான். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகும். தண்ணீர் முதலான மற்றவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போய்விடுகிறது. அதனால் வீட்டில் பத்துப் பை சேர்ப்பதில் பயனில்லை. ஒரே ஒரு பையை மடித்து, தினமும் கையில் எடுத்துப் போகும் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கதவருகே மாட்டி வைத்தால் கடை வாசலில்தான் ஞாபகம் வரும்.

அடுத்தது, மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும், அது எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று சொல்லவில்லை. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு அட்டைப்பெட்டியைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதமும் கெடும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சடித்த கப்பும் பெரும்பாலும் வீட்டு உரத்தொட்டியில் மக்காது, அதற்குத் தொழிற்சாலை அளவில், 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது சாப்பாடு வீணாவதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து! ஸ்ட்ராவைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிற நாம், ஃபிரிட்ஜின் பின்வரிசையில் பை ஓரத்தில் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று கிடக்கும் காய்கறியைப் பார்ப்பதே இல்லை. அது குப்பைமேட்டில் புதைந்து காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு வெளிவருகிறது. தள்ளுபடி என்பதற்காக இரட்டிப்பாக வாங்காதீர்கள். பழையதை முன்வரிசைக்கு நகர்த்திவிட்டு அப்புறம் புதியதை உள்ளே வையுங்கள். 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்தைப் பற்றியது, அந்தத் தேதி தாண்டியதுமே பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் மட்டும் விளையாட வேண்டாம்.

மிஞ்சுகிற தோலையும் தண்டையும் உரமாக்கத் தொடங்குகிறவர்கள் பலர் நாற்றம் தாங்காமல் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஈரக்கழிவை மட்டுமே கொட்டுவதால் வரும் நாற்றம் அது. ஒரு கை ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று கை காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டு, அடிவரை கிளறிவிடுங்கள். சில நாளில் மண்வாசனை வரும்.