தார்ப்பாய் கேட்ட ஒரு படிவத்தின் பின்னால் போனேன்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. சில மாதம் கழித்து, நான் வேலை பார்த்த நிவாரண அமைப்பின் தகவல் மேலாண்மைத் திட்டம் உருப்படியாக நடந்ததா என்று மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். எல்லோரும் 'நன்று' என்றே எழுதினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்புறம் வழியை மாற்றினேன். தார்ப்பாய் கேட்டு ஒரு மீனவக் கிராமத்தில் நிரப்பிய ஒரே ஒரு படிவத்தை எடுத்து, அது போன இடமெல்லாம் போனேன். நனைந்து மை கலங்கிய தாள். தொண்டர், வட்டார அலுவலகம், தலைமையகம் என்று ஒவ்வொரு இடத்திலும் மறுபடி தட்டச்சு செய்திருந்தார்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, கணவர் பெயரோடு ஒரு முறை என ஒரே அம்மா மூன்று குடும்பமாகியிருந்தார். பக்கத்து வீடு பட்டியலிலேயே இல்லை. மனசு கனத்துவிட்டது.

பெயருக்குப் பதில் குடும்ப அட்டை எண்ணை அடையாளமாக வைத்தோம். அட்டையைப் புயலில் தொலைத்தவர்களுக்கு நாங்களே ஓர் எண் கொடுத்தோம். தாளை விட்டு, போனிலேயே படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் (KoboToolbox) என்ற மென்பொருளுக்கு மாறினோம். சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் நிரப்பி வைத்து, கிடைத்ததும் அனுப்பலாம். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்த ஊர்களுக்கு அது பெரிய விஷயம். எந்த முடிவுக்கும் யாரும் பயன்படுத்தாத கேள்விகளைப் படிவத்திலிருந்து தூக்கிவிட்டோம்.