டிரைசூட் வாங்கும் முன் அளவு பார்ப்பது எப்படி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கடலுக்கு டிரைசூட், அதாவது உடம்பு நனையாமல் முங்குவதற்கான உடை, வேண்டியதில்லை. விழிஞ்சம், கோவளம் பக்கம் தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடித்தண்ணீர் மேலேறி வரும்போது சில டிகிரி குறையும், அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் புகும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். சிப்பி எடுக்க முங்கும் நம் ஆட்கள் அதுகூட இல்லாமல்தான் இறங்குகிறார்கள்.

கோவளத்தில் ஸ்கூபா படித்துவிட்டு வெளியே போகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி. ஸ்காட்லாந்தின் ஸ்கேபா ஃப்ளோவில், 1919இல் ஜெர்மானியர்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களைப் பார்க்கப் போனால், கோடையிலும் குளிர் எலும்பைத் தொடும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் அங்கெல்லாம் உடம்பு நனையாமல் முங்க வேண்டும். களியக்காவிளையிலோ பாறசாலையிலோ போட்டுப் பார்த்து வாங்கக் கடை கிடையாது. அளவு எடுத்து அனுப்பித்தான் வரவழைக்க வேண்டும். அளவு தவறினால் திருப்பி அனுப்பும் செலவு தலைவலி.

படி 1: உள்ளே போடுவதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிரைசூட்டில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று மூன்று அடுக்குத் துணியால் ஆன டிரைலாமினேட். தண்ணீரைத் தடுக்குமே தவிர, சூடு தராது, நீட்சியும் இல்லை. இன்னொன்று நுரை ரப்பரான நியோப்ரீன். கொஞ்சம் நீளும், கொஞ்சம் சூடும் தரும், ஆனால் ஆழம் போகப் போக நசுங்கி அந்தச் சூடு குறையும். எதை வாங்கினாலும் உள்ளே போடும் அண்டர்சூட்தான் குளிரைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் அதை முதலில் வாங்குங்கள். மூணாறு போக வாங்கிய ஸ்வெட்டரும் பருத்தி பனியனும் இதற்கு ஆகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், ஈரமானால் குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை வேண்டும். காலுக்குத் தடித்த கம்பளி சாக்ஸ்.

படி 2: அளவு எடுப்பது

தெரிந்த டெய்லர் அண்ணனிடம் போங்கள், தனியாக அளக்காதீர்கள். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “லூஸ் சேர்க்காதீங்க, உடம்பு அளவு மட்டும் போதும்.” பழக்கதோஷத்தில் அவர் ஓர் அங்குலம் கூட்டி எழுதிவிடுவார். தைக்கிற கம்பெனியும் தன் பங்குக்குக் கூட்டும். கடைசியில் உள்ளே இரண்டு பேர் போகலாம். அண்டர்சூட் போட்டு அளக்கச் சொல்கிறார்களா, போடாமலா என்பதையும் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம், மார்பு, இடுப்பு, தொடை, உள்கால் நீளம், கழுத்து, மணிக்கட்டு, பாதம் என்று கேட்பார்கள். இவற்றோடு மறக்கக் கூடாத ஒன்று, தோளில் தொடங்கி கவட்டை வழியாகப் போய்த் திரும்ப அதே தோளுக்கு வரும் சுற்றளவு. சட்டைக்கும் பேண்டுக்கும் இது தேவைப்படாததால் டெய்லர் யோசிப்பார், பரவாயில்லை. இது குறைந்தால் குனிய முடியாது.

ஐரோப்பிய அளவு அட்டவணையில் மார்புக்குப் பொருந்தும் சூட், நம்மில் பலருக்குக் காலில் நீளமாக வரும். கால் நீளத்தை மாற்றித் தருகிற கம்பெனிகள் உண்டு, முழுக்க உடம்பு அளவுக்குத் தைத்துத் தருகிறவையும் உண்டு. பணம் கூடினாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

படி 3: போட்டுப் பார்த்தல்

பார்சல் வந்ததும் அண்டர்சூட்டோடு போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது ஆபத்து, ஏசி அறையில் மட்டும் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். கடிகாரம், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டைதான் சீல். லேடெக்ஸ் (ரப்பர்) சீலில் வாசனை சேர்க்காத டால்கம் பவுடர் தடவி, நகம் படாமல் கையை நுழைத்துக்கொள்ளுங்கள். பிறகு குந்தி உட்கார்ந்து, கழுத்து சீலை ஒரு விரலால் விலக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள். இப்போதுதான் உண்மையான அளவு தெரியும்.

இப்படியே எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். உங்களையே கட்டிப்பிடியுங்கள். முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தை எட்டிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த சூட் வேண்டாம், இதில் சமரசம் கிடையாது. வலது கையால் இடது தோள் பக்கமுள்ள காற்று வெளியேற்றும் வால்வைத் தொட்டுப் பாருங்கள். ஒரு காலை நாற்காலிமேல் வையுங்கள், படகு ஏணி ஏறுவது அப்படித்தான். கவட்டை தொங்கினால் கால் விரியாது. உள்ளே தோள்பட்டி இருந்தால் அதை இறுக்கி மறுபடி பாருங்கள்.

அடுத்து கால். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தரையில் குப்புறப் படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தை மேலே தூக்கி ஆட்டுங்கள். சூட்டின் பூட் பாதத்தைவிட்டு நழுவுகிறதா? நழுவினால், தண்ணீரில் தலை கீழாகப் போகும் நேரத்தில் சூட்டின் காற்று முழுவதும் அந்த இடைவெளிக்குப் போய் நிற்கும். பூட் ஊதிப் பாதம் அதிலிருந்து வெளியே வந்துவிடும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் கழன்றுபோகும். வெளியேற்றும் வால்வு தோளில் இருப்பதால் காலில் உள்ள காற்று அதற்கு வராது. கால் முன்னே போக நீங்கள் வேகமாக மேலே இழுக்கப்படுவீர்கள். கொஞ்சம் இறுக்கமான கால், தொளதொள காலைவிட எவ்வளவோ மேல். தடித்த சாக்ஸும் பூட்டும் சேர்ந்து பாதம் பெரிதாவதால், கோவளத்தில் போட்ட ஃபின்ஸ் நுழையாது. பெரிய அளவில் புதிதாக வாங்க வேண்டும்.

மறுபக்கம், துணி உடம்பில் முழுக்க ஒட்டிப்போகவும் கூடாது. கடல் மட்டத்தில் உள்ள காற்று 10 மீட்டர் ஆழத்தில் பாதிக் கன அளவாகச் சுருங்கும். அப்போது துணி மடிப்பு மடிப்பாகத் தோலைக் கவ்வும். அதற்குத்தான் மார்பு வால்வு வழியாகக் காற்று ஏற்றிக்கொள்கிறோம். அந்தக் காற்று அண்டர்சூட்டின் பஞ்சை உப்பவிட இடம் வேண்டும்.

படி 4: சீல்

கழுத்து சீல் போட்டு சில நிமிடங்கள் இருங்கள். தலை சுற்றினால், முகம் சிவந்து கனத்தால் உடனே கழற்றுங்கள். கழுத்தின் இரத்தக் குழாய்மேல் அழுத்தம் விழுந்து மயக்கம் வரக்கூடும். லேடெக்ஸ் என்றால் ஒரு வட்டப் பாத்திரத்தில் மாட்டி ஓர் இரவு வைத்து நீட்டலாம். போதவில்லையா, சீலின் ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் பாருங்கள். வெட்டு ஒரே சீராக இருக்கணும், பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் கிழியும். மணிக்கட்டில் தசைநார் எடுப்பாகத் தெரிகிறவர்களுக்கு விரலை மடக்கும்போது பள்ளம் விழுந்து தண்ணீர் கசியும். அவர்கள் சீலைக் கொஞ்சம் மேலேற்றிப் போட வேண்டும்.

லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலிக்கோன் சீல் கேளுங்கள். நம் வெயிலில் லேடெக்ஸ் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும் என்பதால் மற்றவர்களுக்கும் அது நல்லதுதான்.

ஜிப் முதுகில் இருந்தால் பூட்ட இன்னொருவர் வேண்டும். மார்புக்குக் குறுக்கே வருவது தானாகப் போட வசதி.

கடைசியாகக் கசிவுச் சோதனை. கை சீல்களிலும் கழுத்து சீலிலும் வட்டமான பாத்திரங்களைச் செருகி அடைத்து, ஜிப்பை மூடி, காற்று ஏற்றி, தையல் ஓரங்களில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுப் படம் எடுத்து, திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.